வாழ்க்கை வரலாற்றுப் படம்: எது நடந்தது, எது சேர்த்தது?

1995 ஜூன் 24, ஜொகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானம். ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம் கூடுதல் நேரம் வரை போய், கடைசியில் தென்னாப்பிரிக்கா 15-12 என்ற கணக்கில் நியூசிலாந்தை வென்றது. அணித் தலைவர் ஃபிரான்ஸுவா பினாரின் அதே 6ஆம் எண் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கோப்பையைக் கொடுத்தார் அதிபர் மண்டேலா. இங்கே தென்னாப்பிரிக்காவில் அன்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் இதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

2009இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் இதை 'இன்விக்டஸ்' என்ற படமாக எடுத்தார். மார்கன் ஃப்ரீமன் மண்டேலாவாகவும் மேட் டேமன் பினாராகவும் நடித்தார்கள். படத்தில் மண்டேலா பினாருக்கு ஒரு கவிதையைத் தாளில் எழுதிக் கொடுப்பார். வில்லியம் எர்னஸ்ட் ஹென்லி என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதியது அது. அதன் தலைப்புதான் படத்துக்கும் பெயர். ஆனால் நிஜத்தில் மண்டேலா பினாருக்குக் கொடுத்தது வேறொன்று. அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஓர் உரையிலிருந்து எடுத்த பகுதி. களத்தில் இறங்கிப் போராடுகிறவனே மதிப்புக்குரியவன் என்று சொல்லும் பகுதி.

ஏன் மாற்றினார்கள்? ஹென்லியின் கவிதை மண்டேலாவின் ராபன் தீவுச் சிறை வாழ்க்கையோடு சேர்த்துப் பேசப்படுவது. அந்தத் தாள் கை மாறும்போது 27 வருடச் சிறையும் ரக்பி மைதானத்துக்குள் வந்துவிடுகிறது. ரூஸ்வெல்ட்டின் உரை விளையாட்டுக்கு நன்றாகவே பொருந்தும், ஆனால் அதற்குள் சிறை இல்லை. இயக்குநருக்குச் சிறை தேவைப்பட்டது. எனக்கு இந்த மாற்றம் தவறாகப் படவில்லை. ஆனால் மாற்றம் என்று தெரிந்து பார்ப்பதற்கும் நடந்ததே இதுதான் என்று நம்பிப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்தைப் பற்றியது.

வாழ்க்கை வரலாற்றுப் படம், பேச்சு வழக்கில் பயோபிக், என்பது நிஜமாக வாழ்ந்த ஒருவரை நடிகரை வைத்துக் கதையாகச் சொல்லும் படம். பெரும்பாலும் அவர் பெயரிலேயே இருக்கும். இதோடு குழப்பிக்கொள்ளும் வகைகள் சில உண்டு. 'சாராஃபினா' (1992) நம் டர்பன் தயாரிப்பாளர் ஆனந்த் சிங் தயாரித்தது. 1976 சொவெட்டோ மாணவர் எழுச்சி நிஜம், ஆனால் சாராஃபினா என்ற பெண் கற்பனை. ஆகவே அது வரலாற்றுப் பின்னணி கொண்ட கதைப் படம். மணிரத்னத்தின் 'இருவர்' (1997) எம்ஜிஆரையும் கருணாநிதியையும் நினைவூட்டும், ஆனால் பெயர்கள் வேறு. யாருடைய கதை என்று எல்லோருக்கும் தெரியும், அதேசமயம் எந்தக் காட்சிக்கும் இயக்குநர் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று ஆவணப்படம். அதில் நடிகர் இல்லை, நிஜ ஆட்களே பேசுவார்கள், அதனால் எல்லாம் அப்படியே உண்மை என்று நினைத்துவிடுவோம். 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' (2012) அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பாடகர் ரொட்ரிகெஸைப் பற்றியது. சொந்த ஊரில் விற்காத அவருடைய பாட்டுகள் தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு வீடு ஒலித்தன, ஆனால் அவருக்கு அது தெரியாது, இங்கே அவர் செத்துவிட்டதாகவே பேச்சு. அருமையான படம், ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் ரொட்ரிகெஸ் 1979இலும் 1981இலும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் கச்சேரி செய்திருக்கிறார். படம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொன்னால் 'உலகமே மறந்த மனிதர்' என்ற கதை நிற்காது. நிஜ ஆட்கள் பேசும் படத்திலேயே இவ்வளவு தேர்வு என்றால், நடிகர்கள் பேசும் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எங்கிருந்து எது வரை?

ஒரு வாழ்க்கையைப் படமாக்கும்போது முதலில் வரும் கேள்வி, எந்தப் பகுதியை எடுப்பது என்பது. ரிச்சர்ட் ஆட்டன்பரோவின் 'காந்தி' (1982) மூன்று மணி நேரத்துக்கும் மேலே ஓடும். அதற்குள் 1893 முதல் 1948 வரை அடக்க வேண்டும். எந்த மனிதனின் வாழ்க்கையையும் ஒரே முறையில் சொல்லி முடிக்க முடியாது, ஒவ்வொரு வருடத்துக்கும் அதற்குரிய இடத்தைக் கொடுக்க முடியாது என்ற பொருளில் படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். அதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். ஒரு பயோபிக் தன்னைப் பற்றித் தானே சொன்ன நேர்மையான வாக்குமூலம் என்று நான் அதை நினைக்கிறேன்.

அந்தப் படம் காந்தி சுடப்படுவதில் தொடங்கி, லட்சக்கணக்கானோர் திரண்ட இறுதி ஊர்வலத்தைக் காட்டிவிட்டு, அப்புறம்தான் 1893க்குத் திரும்புகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து ஓர் இளம் வழக்கறிஞர் தள்ளப்படுகிறார். முடிவை முதலில் காட்டிவிட்டதால், குளிரில் நடைமேடையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆள் என்ன ஆகப்போகிறார் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. இனி வரும் ஒவ்வொரு சிறு நிகழ்ச்சியும் அந்தப் பெரிய முடிவை நோக்கி நடப்பதாகவே தோன்றும். நிஜத்தில் 1893இல் காந்திக்கு ஒரு வருட வேலை ஒப்பந்தம், அதை முடித்துவிட்டு ஊர் திரும்புவதுதான் திட்டம்.

சியாம் பெனகல் 1996இல் எடுத்த 'தி மேக்கிங் ஆஃப் த மகாத்மா' வேறு வழியில் போனது. 1893 முதல் 1914 வரையிலான தென்னாப்பிரிக்க வருடங்கள் மட்டும். நம் டர்பனின் ஃபாத்திமா மீர் எழுதிய புத்தகத்திலிருந்து வந்த படம், திரைக்கதையும் அவருடையதே. காந்தியாக ரஜித் கபூர், கஸ்தூரிபாவாக பல்லவி ஜோஷி. இதில் காந்தி தடுமாறுகிறார், மனைவியிடம் கடுமையாக நடந்துகொள்கிறார், கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறார். எட்டு ஆஸ்கர் வாங்கிய படத்தோடு இதை ஒப்பிட்டால் செலவிலும் பிரம்மாண்டத்திலும் எட்டவே எட்டாது. ஆனாலும் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வாழும் நமக்கு இதுதான் நெருக்கமான படம் என்று நான் அடித்துச் சொல்வேன். முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எடுத்துக்கொண்ட காலம் மாறினால் மனிதரே மாறித் தெரிவார்.

மண்டேலாவுக்கும் இதே மாதிரி இரண்டு படங்கள். 'இன்விக்டஸ்' ஏறக்குறைய ஒரு வருடத்துக் கதை. 'மண்டேலா: லாங் வாக் டு ஃப்ரீடம்' (2013) சிறுவயதிலிருந்து 1994 வரைக்கும் போகிறது. மண்டேலாவின் தன்வரலாற்றைப் படமாக்கும் உரிமையை வாங்கி, அதைத் திரைக்குக் கொண்டுவரப் பல வருடம் உழைத்தவர் அதே ஆனந்த் சிங். 2013 டிசம்பர் 5 அன்று லண்டனில் படம் திரையிடப்பட்ட இரவில்தான் மண்டேலா காலமானார் என்ற செய்தி வந்தது. அவருடைய மகள் ஸிண்ட்ஸி அந்த அரங்கில் இருந்தார். படத்தில் மண்டேலாவாக வரும் இட்ரிஸ் எல்பாவும், அவர் மனைவி வின்னியாக வரும் நவோமி ஹாரிஸும் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார்கள். ஆனாலும் முழு வாழ்க்கையையும் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு படத்தின் கழுத்தைப் பிடிக்கிறது. 27 வருடச் சிறை சில காட்சிகளில் ஓடிவிடுகிறது, எங்கும் நின்று மூச்சுவிட நேரமில்லை. சின்னப் பகுதியை எடுத்து ஆழமாகச் சொல்லும் படங்களே பெரும்பாலும் மனதில் நிற்கின்றன. புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

ஒட்டுப்போட்ட இடங்கள்

இப்போது 'காந்தி' படத்தின் ஒரு காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் பயோபிக் எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

இந்தியர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய பதிவுச் சீட்டுகளைக் காந்தி கூட்டத்தின் நடுவே தீயில் போடுகிறார். போலீஸ்காரர் தடியால் அடிக்கிறார். காந்தி விழுகிறார், கை நடுங்க இன்னொரு சீட்டை எடுத்துத் தீயில் போடுகிறார், மறுபடியும் அடி விழுகிறது. பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தால், சரியாக இந்த இடத்தில்தான் ஏதாவது ஒரு பிள்ளை திரும்பி, "ஆயா, இது நெசமாவே நடந்துச்சா?" என்று கேட்கும். கேட்கவும் வேண்டும்.

சீட்டு எரித்தது நடந்தது. 1908 ஆகஸ்ட் 16, ஜொகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வளாகம், 2,000க்கும் மேற்பட்ட சீட்டுகள், ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில். காந்தி நாட்டுக்குள் வந்து பதினைந்து வருடம் கழித்து. படத்தில் அவர் வந்த கொஞ்ச நாளிலேயே நடந்ததுபோல் தெரியும். அன்று போலீஸ் அவரை அடித்ததாகப் பதிவு எதுவும் இல்லை.

ஆனால் அதே 1908இல் காந்தி அடி வாங்கியது உண்மை. பிப்ரவரி 10ஆம் தேதி, அரசோடு செய்துகொண்ட சமரசத்தின்படி தானே முன்வந்து பதிவு செய்யப் போகும் வழியில், அந்தச் சமரசம் துரோகம் என்று கோபப்பட்ட மீர் ஆலமும் அவருடைய கூட்டாளிகளும் ஜொகன்னஸ்பர்க் தெருவில் அவரை மயங்கி விழும் வரை அடித்தார்கள். அடித்தவர்களும் இந்தியர்களே. கூடப் போனவர்களில் ஒருவர், குறுக்கே பாய்ந்து அடிகளைத் தன் உடம்பில் வாங்கியவர், மொரீஷியஸில் பிறந்து டிரான்ஸ்வாலில் குடியேறிய தம்பி நாயுடு. தமிழர்களைத் திரட்டி, திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர்.

எவ்வளவு சிக்கலான, எவ்வளவு மனிதத்தன்மையுள்ள நிகழ்ச்சி அது! ஒரு தலைவர் தன் மக்களிடமே அடி வாங்குகிறார், இன்னொருவர் அவருக்காக அடியைத் தாங்குகிறார், எழுந்த பிறகு அந்தத் தலைவர் அடித்தவர்கள் மீது வழக்கு வேண்டாம் என்கிறார். படத்துக்கு வேண்டியதோ எளிமையான ஒரு கோடு: அந்தப் பக்கம் அரசு, இந்தப் பக்கம் நாம். அதனால் அடிக்கும் கை போலீஸின் கையாகிவிட்டது. உலகம் முழுக்கப் பார்த்த கோடிக்கணக்கானோருக்கு அது புரிந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தம்பி நாயுடு என்ற பெயரை அந்தப் படம் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்த இழப்பு எனக்கு வலிக்கிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

காலத்தைச் சுருக்குவது, இரண்டு நிகழ்ச்சியை ஒன்றாக்குவது போலவே, பல மனிதர்களை ஒருவராக்குவதும் உண்டு. 'காந்தி' படத்தில் மார்ட்டின் ஷீன் நடித்த வாக்கர் என்ற அமெரிக்கச் செய்தியாளர் அப்படி உருவாக்கப்பட்டவர். தென்னாப்பிரிக்காவிலும் வருவார், பிறகு இந்தியாவில் தராசனா உப்பளத்தில் சத்தியாகிரகிகள் அடிபடும்போதும் நின்று செய்தி அனுப்புவார். தராசனாவிலிருந்து நிஜமாகச் செய்தி அனுப்பியவர் வெப் மில்லர். 'நடிகையர் திலகம்' (2018) சாவித்திரியின் கதையைச் சொல்லக் கற்பனையாக ஒரு பத்திரிகையாளரைக் கொண்டுவந்ததும் இதே உத்திதான். பார்ப்பவருக்குத் தெரியாத உலகத்துக்குள் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஓர் ஆள் தேவைப்படுகிறார். கதையில் எல்லா முக்கியமான இடத்திலும் சரியாக வந்து நிற்கும் ஒருவரைப் பார்த்தால், இவர் நிஜமாக இருந்தாரா என்று தேடிப்பாருங்கள்.

யாருடைய கண் வழியே?

இதே ஆட்டன்பரோ 1987இல் 'க்ரை ஃப்ரீடம்' எடுத்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய ஸ்டீவ் பிக்கோவைப் பற்றிய படம் என்று எல்லோரும் சொல்வோம். பிக்கோவாக டென்சல் வாஷிங்டன். 1977 செப்டம்பர் 12இல், முப்பது வயதில், போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தவர் பிக்கோ. அப்போது நிறவெறி அரசு ஆட்சியில் இருந்ததால் படத்தை இங்கே எடுக்க வழியில்லை, ஜிம்பாப்வேயில் எடுத்தார்கள். 1988இல் இங்கே திரைக்கு வந்த அன்றே போலீஸ் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு படத்தை எடுத்ததே துணிச்சல். காவலில் இறந்தவர்களின் பெயர்களும், அதற்கு அரசு சொன்ன காரணங்களும் கடைசியில் வரிசையாக வருகின்றன. குளியலறையில் வழுக்கி விழுந்தார், தூக்கில் தொங்கினார் என்று. அந்தப் பெயர்களைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போகாதீர்கள்.

ஆனால் படத்தில் பிக்கோ பாதியிலேயே இறந்துவிடுகிறார். மீதி நேரம் முழுக்க அவருடைய நண்பரான வெள்ளைக்காரப் பத்திரிகை ஆசிரியர் டொனால்ட் வுட்ஸ் குடும்பத்தோடு நாட்டைவிட்டுத் தப்பிப்போகும் கதை. படம் வுட்ஸின் புத்தகங்களை வைத்து எடுத்தது, ஆகவே அவர் கண் வழியேதான் எல்லாம் தெரிகிறது. லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் பார்வையாளர் தன்னைப் போன்ற ஒருவரைத் திரையில் பார்த்தால்தான் அக்கறை கொள்வார் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கை அன்றே பலர் விமர்சித்தார்கள், அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: இந்தக் கதை யாருக்குத் தெரிந்த அளவில் சொல்லப்படுகிறது? யாருடைய புத்தகம் மூலம்? 'கலூஷி' (2016) என்ற தென்னாப்பிரிக்கப் படத்தைப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். 1979 ஏப்ரல் 6இல், 22 வயதில் நிறவெறி அரசால் தூக்கிலிடப்பட்ட விடுதலைப் போராளி சாலமன் மஹ்லாங்குவின் கதை. நடுவே விளக்கம் சொல்ல வெளியாள் யாரும் இல்லை. அந்த இளைஞனோடு நாமும் ஓடுகிறோம், பயப்படுகிறோம்.

நடிகரின் முகம் செய்யும் வேலை

கணித மேதை ராமானுஜனுக்கு ஒரு வருட இடைவெளியில் இரண்டு படங்கள். ஞான ராஜசேகரனின் 'ராமானுஜன்' (2014) கும்பகோணத்து வீட்டிலிருந்து தொடங்கி, அம்மா கோமளத்தம்மாளுக்கு (சுகாசினி) நிறைய இடம் தருகிறது. 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' (2015) பெரும்பாலும் கேம்பிரிட்ஜில் நடக்கிறது. தேவ் பட்டேல் ராமானுஜன், ஜெரமி அயர்ன்ஸ் பேராசிரியர் ஹார்டி.

1914இல் இருவரும் சந்தித்தபோது ராமானுஜனுக்கு 26 வயது, ஹார்டிக்கு 37. நடித்த அயர்ன்ஸோ அறுபதைத் தாண்டியவர். வசனத்தில் ஒரு சொல்லையும் மாற்றாமலே உறவு மாறிவிட்டது பாருங்கள். ஒருவருக்கொருவர் சவால் விடக்கூடிய, ஏறக்குறைய ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரண்டு கணிதர்கள் திரையில் குருவும் சீடனும் ஆகிவிட்டார்கள். மனைவி ஜானகிக்கும் அதேதான். 1909இல் திருமணம் நடந்தபோது அவருக்குப் பத்து வயது, கணவர் கப்பலேறியபோதும் சிறுமிதான். ஆங்கிலப் படத்தில் அவர் வளர்ந்த இளம்பெண்ணாகப் பிரிவுத்துயரில் வாடுகிறார். குழந்தை மணத்தை இன்றைய பார்வையாளருக்குக் காதல் கதையாக எப்படிக் காட்டுவது? காட்ட முடியாது, அதனால் வயதைக் கூட்டிவிட்டார்கள்.

அதே ஞான ராஜசேகரன் 2000இல் எடுத்த 'பாரதி'யில் மராட்டிய நடிகர் சாயாஜி ஷிண்டேவைப் பாரதியாக்கினார். தமிழின் மகாகவிக்குத் தமிழ் தெரியாத நடிகரா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. குரல் வேறொருவருடையது. இருந்தும் அந்தக் கண்களும் நடையும் நம்மை நம்பவைத்துவிட்டன. தமிழ்நாட்டு நட்சத்திர முகம் ஒன்று வந்திருந்தால் அந்த நட்சத்திரத்தைத்தான் பார்த்திருப்போம், பாரதியை அல்ல என்பது என் எண்ணம்.

பெயரை மாற்றும் படங்களைப் பற்றிச் சுருக்கமாக. 'சூரரைப் போற்று' (2020) குறைந்த கட்டண விமான நிறுவனம் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் புத்தகத்திலிருந்து வந்தது. அவர் கர்நாடகத்துக்காரர், படத்தின் நெடுமாறன் மதுரைப் பக்கத்துக்காரர். 'ஜெய் பீம்' (2021) வழக்கறிஞர் சந்துருவின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, பாதிக்கப்பட்ட குறவர் குடும்பத்தை இருளர் குடும்பமாக்கியது, பார்வதி என்ற பெண்ணைச் செங்கேணியாக்கியது. தலைவரின் அல்லது வழக்கறிஞரின் பெயர் நிற்பதும், ஏழைகளின் பெயரும் குலமும் மாறிவிடுவதும் பல படங்களில் நடக்கிறது. கவனித்துப் பாருங்கள்.

அனுமதி என்றொரு விஷயமும் உண்டு. வின்னி மண்டேலாவைப் பற்றி ஜெனிஃபர் ஹட்சன் நடித்து 2011இல் வந்த படத்துக்கு, தன்னைக் கலந்தே பேசவில்லை என்று வின்னியே எதிர்ப்புத் தெரிவித்தார். குடும்பம் ஒப்புக்கொண்டு எடுக்கும் படத்தில் குறைகள் மறைக்கப்படலாம், ஒப்புக்கொள்ளாமல் எடுக்கும் படத்தில் உள்விவரம் குறையலாம். இரண்டுக்கும் விலை உண்டு.

நமக்கென்று ஒரு படம்

இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு பயிற்சி செய்து பார்ப்போம். காந்தியின் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையின் வாழ்க்கையைப் படமாக எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தவை இவை. ஜொகன்னஸ்பர்க்கில் 1898இல் பிறந்தவர். பெற்றோரின் ஊர் தஞ்சைப் பக்கத்துத் தில்லையாடி; அந்த ஊரை அவர் பார்த்ததே இல்லை. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றம், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்களைச் செல்லாதவையாக்கும் தீர்ப்பொன்றைத் தந்தது. அதோடு ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர்கள் மேல் விதிக்கப்பட்ட மூன்று பவுண்டு வரியும் சேர்ந்து, பெண்களைப் போராட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஜொகன்னஸ்பர்க் அருகே காந்தி அமைத்த டால்ஸ்டாய் பண்ணையிலிருந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், மாகாண எல்லையைக் கடக்கக் கூடாது என்ற தடையை மீறி நட்டாலுக்குள் புகுந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். சுரங்கங்கள் நின்றன. அதைத் தொடர்ந்து வந்த நடைப்பயணத்தில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் இருந்தார்கள் என்று காந்தி கணக்கு எழுதிவைத்திருக்கிறார். 1913 டிசம்பரில் வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல், பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறை. காய்ச்சலோடு வெளியே வந்தார். 1914 பிப்ரவரி 22இல், 16 வயதில், காலமானார். சில மாதங்களில் அந்த வரி நீக்கப்பட்டது.

இந்தியா அவருக்கு 2008இல் அஞ்சல் தலை வெளியிட்டது. கல்லறை ஜொகன்னஸ்பர்க் பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில் இருக்கிறது. 1909இல் சிறைக் கொடுமையால் இறந்த நாகப்பனின் கல்லறையும் அங்கேதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பிறப்பிலிருந்து தொடங்கினால் பதினாறு வருடத்தில் பதினைந்தைப் பற்றி நம்மிடம் பெரிதாக எதுவும் இல்லை. முழுக்கக் கற்பனை செய்ய வேண்டியிருக்கும். நான் 1913 மார்ச்சிலிருந்து 1914 பிப்ரவரி வரை மட்டும் எடுப்பேன்.

கடினமான இடம் அந்த மரணப் படுக்கை. காந்தி பார்க்கப் போகிறார், சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று கேட்கிறார். வருத்தமா, இப்போது பிடித்தாலும் மறுபடி போவேன் என்கிறார் அந்தப் பெண். இறக்க நேர்ந்தால்? அதைப் பற்றிக் கவலையில்லை, தாய்நாட்டுக்காக உயிர்விட யார்தான் விரும்பமாட்டார்கள் என்கிறார். நெஞ்சை உலுக்கும் இந்த உரையாடல் நமக்குக் கிடைப்பது காந்தியின் புத்தகத்திலிருந்து. அதை அப்படியே எடுத்தால் வுட்ஸின் கண் வழியே பிக்கோவைப் பார்த்த கதைதான். காந்தி அழுவதைக் கேமரா நெருங்கிக் காட்டும், வள்ளியம்மை போர்வைக்குள் ஒரு முகமாக இருப்பார், படம் மறுபடியும் காந்தி படமாகிவிடும்.

அதனால் நான் எழுதினால் படத்தின் எடை சிறைக்குள் இருக்கும். சக கைதிகளான பெண்கள், குழந்தையோடு உள்ளே வந்த தாய்மார்கள், உணவு, துணி துவைக்கும் வேலை, அவர்கள் பேசிய தமிழ். வசனங்களைக் கற்பனையாகத்தான் எழுத வேண்டும், வேறு வழியே இல்லை. அதை மறைக்காமல் படத்தின் தொடக்கத்தில் எழுத்தில் போட்டுவிடலாம், ஆட்டன்பரோ செய்ததுபோல. தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாளும் அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். அவரைப் பலரைச் சேர்த்துச் செய்த ஒரு பாத்திரமாக்காமல், பெயரோடு, தனி ஆளாகவே கொண்டுவருவேன். நடிக்கும் பெண்ணுக்குப் பதினாறு வயதுதான் இருக்க வேண்டும், இருபத்தைந்து வயது நட்சத்திரம் வேண்டாம். ஜானகிக்கு நடந்தது வள்ளியம்மைக்கு நடக்கக் கூடாது.

இன்னொரு கதையும் இங்கிருந்து போக வேண்டியிருக்கிறது. பி. ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' (1961) நம்மில் மூத்தவர்கள் பலரும் பார்த்த படம். வெளியானபோது ஓடவில்லை, ஆனால் இன்றைக்கும் வ.உ.சி. என்றால் சிவாஜியின் முகம்தான் கண்முன் வருகிறது. அந்த வ.உ.சி. 1912 கடைசியில் சிறையிலிருந்து வந்து வறுமையில் கிடந்தபோது, தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று பணம் சேர்த்துக் காந்தியிடம் கொடுத்தார்கள். அது உடனே போய்ச் சேரவில்லை. காந்தி இந்தியா திரும்பிய பிறகு இருவருக்கும் கடிதங்கள் போய் வந்து, 1916இல்தான் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி.யின் கைக்கு வந்தது. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இதை விரிவாக எழுதியிருக்கிறார். தானே கூலி உழைப்பிலிருந்து எழுந்து வந்த ஒரு சமூகம், கடலுக்கு அப்பால் கஷ்டப்படும் ஒருவருக்குக் காசு சேர்க்கிறது. அவரோ கூச்சத்தோடு அந்தப் பணத்தைக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. நான்கு வருடம், கொஞ்சம் கடிதம், ஒரு தொகை. முழு வாழ்க்கையையும் சொல்லாமலேயே வ.உ.சி.யைக் காட்ட இது போதும்.

இப்படி ஒரு திரைக்கதை எழுத நம் பிள்ளைகளில் யாருக்காவது மனம் இருந்தால், வேலையைக் காந்தி நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழிலிருந்து தொடங்கலாம். 1903இல் டர்பனில் தொடங்கியபோது தமிழிலும் வந்த இதழ் அது. அடுத்த வருடமே டர்பன் அருகே காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு மாறியது. 1913, 1914 ஆண்டுகளின் இதழ்களில் யார் எந்த நாளில் கைதானார்கள், எந்தச் சிறைக்குப் போனார்கள் என்ற செய்திகள் பெயர்களோடு இருக்கின்றன. 1914இல் வந்த சிறப்பு மலரில் போராடியவர்களின் புகைப்படங்களும் உண்டு. நட்சத்திரம் யார் என்று யோசிப்பதற்கு முன்னால் அந்தப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.